உப்பும் ஆலம்விதையும்: தத்துவமசி சொன்ன உத்தாலகர் யார்?

கன்னிச்சாமி_அப்பா
இந்த வருடம் என் பையன் கன்னிச்சாமி, சபரிமலைக்கு முதல் தடவை. 12 வயது. மலையில் வரிசை நகராமல் நின்றபோது, பதினெட்டாம் படிக்கு மேலே தெரியும் எழுத்தைக் காட்டி "அது என்ன சாமி?" என்றான். "தத்வமஸி. நீயே அது" என்றேன். "எது?" என்றான். குருசாமி கைகொடுத்தார். மாலை போட்டதும் உன்னையும் சாமி என்கிறோம், உங்கப்பாவையும் சாமி என்கிறோம், உள்ளே இருப்பவரும் சாமி, அவ்வளவுதான் என்றார். பையன் தலையாட்டினான். மலை இறங்கும்போது அடுத்த கேள்வி வந்தது: "அதை முதல்ல யாரு, யாருகிட்ட சொன்னாங்க?" எனக்கும் தெரியவில்லை, குருசாமிக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினால், சாந்தோக்ய உபநிடதம் ஆறாம் அத்தியாயம், உத்தாலக ஆருணி தன் மகன் சுவேதகேதுவுக்குச் சொன்னது என்று இருக்கிறது. ஆருணி என்றால் வரப்பு உடைந்தபோது குறுக்கே படுத்துக்கொண்ட பையன்தானே? சின்ன வயதில் படித்த கதை. அவர்தான் இவரா? 'ஜீவனும் பிரம்மமும் ஒன்று' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். 20 வருடமாக அந்த வரியைக் கேட்கிறேன், மண்டையில் ஏறவில்லை.

ஏட்டுப்பூச்சி
வரப்புக் கதை மகாபாரதம் ஆதிபர்வத்தில் வருவது. பாஞ்சால நாட்டுப் பையன் ஆருணி, குரு தௌம்யர். உடைப்பை அடைத்துவிட்டு வா என்று அனுப்புகிறார். மண் நிற்கவில்லை, தானே படுத்துவிடுகிறான். குரு தேடிவந்து கூப்பிட்டதும் எழுகிறான், தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. வரப்பைப் பிளந்து எழுந்ததால் உத்தாலகன் என்று பெயர் வைக்கிறார் குரு. மரபுப்படி இவரும் அவரும் ஒருவர்தான். ஆனால் மகாபாரதம் இன்றைய வடிவத்துக்கு வந்தது உபநிடதத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி. அதனால் நான் அந்தக் கதையைத் தனி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

உபநிடதத்தில் வருபவர் குழந்தை இல்லை, வளர்ந்த பையனுக்கு அப்பா. கௌதம கோத்திரம், குரு நாடும் பாஞ்சால நாடும் இருந்த பகுதி, அதாவது கங்கை யமுனைச் சமவெளி. புத்தருக்கு முந்தியவர் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

காட்சி இப்படி ஆரம்பிக்கிறது. "நம் குடும்பத்தில் படிக்காமல், பிறப்பால் மட்டும் பிராமணன் என்று சொல்லிக்கொண்டு யாரும் இருந்ததில்லை" என்று அப்பா அனுப்பி வைக்கிறார். பையன் போகும்போது வயது 12, திரும்பும்போது 24. வேதம் எல்லாம் முடித்தாயிற்று. விறைப்பாக, எல்லாம் தெரிந்தவன் போல வந்து நிற்கிறான். அப்பா கேட்கிறார்: "எதைத் தெரிந்துகொண்டால் கேளாததும் கேட்டதாகுமோ, அதைக் கேட்டாயா?" பையன் முழிக்கிறான். அப்போதுதான் மண் வருகிறது. ஒரு மண்கட்டியைத் தெரிந்தால் மண்ணால் ஆன எல்லாம் தெரிந்துவிடும், சட்டி பானை எல்லாம் பேச்சில் வரும் பெயர், மண் என்பதுதான் நிஜம். அடுத்து பொன்கட்டி. அதற்கடுத்து நகவெட்டி, இரும்புக்காக. தத்துவப் புத்தகத்தில் நகவெட்டி வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

பையனின் பதில்: "என் வாத்தியார்களுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்தால் சொல்லாமலா இருப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள்."

கன்னிச்சாமி_அப்பா
12 வயது என்கிறீர்கள். என் பையனிடம் சொன்னேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்புறம்?

ஏட்டுப்பூச்சி
அப்புறம் உலகம் எப்படி வந்தது என்று போகிறது. ஆதியில் 'சத்', இருப்பது, ஒன்றே இருந்தது, இரண்டாவது இல்லை. சிலர் ஆதியில் ஒன்றுமே இல்லை, இல்லாததிலிருந்து இருப்பது வந்தது என்கிறார்கள், அதெப்படி வரும் என்று கேட்கிறார். அந்தச் சத் பலவாக ஆக நினைத்து வெப்பத்தை உண்டாக்கியது, வெப்பத்திலிருந்து நீர், நீரிலிருந்து உணவு. வெயிலில் மனிதனுக்கு வேர்க்கிறது பார், வெப்பத்திலிருந்துதான் நீர் வருகிறது என்பது அவர் காட்டும் சாட்சி. மழை பெய்தால் சாப்பாடு விளைகிறது, அது அடுத்த சாட்சி. சாட்சி இல்லாமல் ஓர் அடி நகரமாட்டார்.

சாப்பிட்ட உணவு மூன்றாகப் பிரிகிறது: கனமானது மலம், நடுவானது சதை, நுண்ணியது மனம். தயிரைக் கடைந்தால் நுண்ணிய பகுதி மேலே வந்து வெண்ணெய் ஆகிறதே, அதே மாதிரி.

வேதியியல்_வாத்தியார்
உள்ளே வரலாமா? பத்தாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். கரைசல் பாடத்துக்கு உத்தாலகரின் உப்புக் கதையைத்தான் சொல்வேன். இரவில் உப்பைத் தண்ணீரில் போடு, காலையில் அந்த உப்பை எடுத்து வா என்கிறார். உப்பு இல்லை. மேலே குடித்துப் பார், நடுவில் குடித்துப் பார், அடியில் குடித்துப் பார். எல்லா இடமும் உப்பு. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இருக்கிறது. அதுபோலத்தான் சத்தும், அது நீ.

ஆனால் ஒரு பிடிவாதக்காரப் பெண் கேட்டாள், நீங்கள் செய்து பார்த்தீர்களா சார் என்று. செய்தேன். சொம்பில் தண்ணீர், ஒரு பிடி கல் உப்பு, கலக்கவில்லை, ராத்திரி முழுக்க அசைக்கவில்லை. காலையில் உறிஞ்சுகுழலை மெதுவாக விட்டுப் பார்த்தால் மேலே சப்பென்று இருக்கிறது, அடியில் நாக்கு எரிகிறது. நியாயம்தான். உப்புத் தண்ணீர் கனம், அடியிலேயே தங்கும். தானாகப் பரவி மேலே வர ஓர் இரவு போதாது, நாள்கணக்கில் ஆகும். ஆக உத்தாலகர் செய்து பார்க்காமலே சொல்லிவிட்டார் என்று வகுப்பில் தீர்ப்பு வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏட்டுப்பூச்சி
தீர்ப்பைத் திரும்பப் பெறுங்கள் சார்! மூலத்தில் ஒரு சொல் இருக்கிறது, எல்லோரும் தாண்டிப் போய்விடுவோம். உப்பை எடுத்து வா என்றதும் பையன் என்ன செய்கிறான்? 'அவம்ருஶ்ய', அதாவது கையை விட்டுத் துழாவுகிறான். துழாவியும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் குடித்துப் பார்க்கச் சொல்கிறார் அப்பா. கையை விட்டுத் துழாவினால் கலக்கினதுதானே?

இன்னொன்று. மூலத்தில் 'அந்தம், நடு, அந்தம்' என்றுதான் இருக்கிறது. இந்த ஓரம், நடு, அந்த ஓரம் என்றும் வைத்துக்கொள்ளலாம். மேல், அடி என்பது உரைகாரர்கள் எடுத்த பொருள்.

வேதியியல்_வாத்தியார்
அடடா. துழாவினானா! நாளைக்கே மறுபடி செய்கிறேன்.

சிவப்புத்துண்டு
நான் கொஞ்சம் வேறு பக்கம் இழுக்கிறேன், கோபிக்க வேண்டாம். இந்த ஆறாம் அத்தியாயப் பாடத்தில் 'பிரம்மம்' என்ற சொல்லைப் பரம்பொருள் என்ற அர்த்தத்தில் உத்தாலகர் பயன்படுத்தவே இல்லை. அவர் சொல் 'சத்', இருப்பது. யாகம் செய், மந்திரம் சொல் என்றும் இல்லை. பையனைச் சோதனை செய்ய வைக்கிறார், கண்ணால் பார்த்ததிலிருந்து பேசுகிறார். மார்க்சிய அறிஞர் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா இவரை இயற்கை விஞ்ஞானத்தின் முன்னோடி என்று வாதாடியவர், முதல் தத்துவஞானி என்று கிரேக்கத் தேலிஸுக்குத் தரும் இடத்தை இவருக்குத் தர வேண்டும் என்பது அவர் கட்சி. ஜெர்மன் அறிஞர் வால்டர் ரூபனும் உத்தாலகரைப் பொருள்முதல்வாதப் பக்கமும் உபநிடதத்தின் இன்னொரு ஞானியான யாக்ஞவல்கியரைக் கருத்துமுதல்வாதப் பக்கமும் நிறுத்தினார்.

பட்டினிச் சோதனையை எடுங்கள். மனம் என்பது சோற்றிலிருந்து வருவது என்று சொன்னவர், அதை நிரூபிக்கப் பையனை 15 நாள் சாப்பிடாமல் இருக்கச் சொல்கிறார். தண்ணீர் வேண்டிய மட்டும் குடிக்கலாம், உயிர் தண்ணீரில் இருக்கிறது, போகாது என்கிறார். பதினாறாம் நாள் வேதம் சொல் என்றால், 12 வருடம் படித்தவனுக்கு ஒரு வரி வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வா என்கிறார். சாப்பிட்டான், எல்லாம் வந்துவிட்டது. வேதமே சோற்றில் நிற்கிறது என்று வேதத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

விறகடுப்பு
15 நாள் பட்டினி போட்ட அப்பாவை நீங்கள் எல்லாம் விஞ்ஞானி என்கிறீர்கள். அந்தப் பையனின் அம்மா என்ன சொன்னாள் என்று யாராவது எழுதினார்களா?

போகட்டும், அந்த இடத்தில் ஒரு உவமை உண்டு, அதற்காக அவரை மன்னிக்கிறேன். பெரிய தீ எரிந்து அணைந்து, மின்மினி அளவு ஒரு கங்கு மட்டும் மிஞ்சினால் அதற்குமேல் அது எதையும் எரிக்காது. அதே கங்கில் வைக்கோல் போட்டு ஊதினால் மறுபடி பற்றிக்கொள்ளும். உனக்குப் பதினாறு பங்கில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது என்கிறார். நான் விறகடுப்பில் சமைத்து வளர்ந்தவள். காலையில் சாம்பலைக் கிளறினால் அடியில் அப்படி ஒரு கண் கிடக்கும். தென்னம்பாளையைச் சீவிப் போட்டு, ஊதுகுழலால் இரண்டு ஊது ஊதினால் போதும், தீப்பெட்டி வேண்டாம். அடுப்படிப் பக்கம் போகாத ஆள் இந்த உவமையைச் சொல்லியிருக்க முடியாது.

(யாரும் வீட்டில் அந்தப் பட்டினியைச் செய்து பார்க்காதீர்கள். சஷ்டிக்கு ஆறு நாள் இருக்கவே எனக்குக் கண்ணைக் கட்டும்.)

அரங்கன்_அடிப்பொடி
சிவப்புத்துண்டு அவர்களே, நீங்கள் பாதியை வெட்டிவிட்டீர்கள். அந்தச் சத் 'பலவாக ஆவேன்' என்று நினைத்தது என்று அங்கேயே இருக்கிறது. நினைக்கிற பொருள் ஜடமாக இருக்குமா? இந்தக் கேள்வியை, உபநிடதங்களைத் தொகுத்து ஆராயும் பிரம்மசூத்திரமே எழுப்பி, ஜடமான மூலப்பொருளே உலகுக்குக் காரணம் என்ற சாங்கியருக்கு இதில் இடமில்லை என்று முடிக்கிறது.

ராமானுஜர் வழியில் சொன்னால், 'அது' உலகுக்குக் காரணமான பரம்பொருள், 'நீ' என்பது ஜீவனை உடலாகக் கொண்ட அதே பரம்பொருள். உயிரும் உடலும் போல. இரண்டும் கரைந்து ஒன்றாகவில்லை.

ஏட்டுப்பூச்சி
துவைத ஆச்சாரியர் மத்வர் இன்னும் ஒரு படி போனார். 'ஸ ஆத்மா தத் த்வம் அஸி' என்பதைச் சேர்த்து ஓதும்போது 'ஆத்மாதத்த்வமஸி' என்று வரும். அதை 'அதத் த்வம் அஸி' என்று பிரித்தார், அதாவது 'நீ அது அல்ல'. ஓர் எழுத்தில் மொத்தமும் தலைகீழ். சும்மா விளையாட்டுக்கு இல்லை. உபநிடதத்தில் அந்த வரி ஒன்பது முறை, ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கத்தோடு வருகிறதே, நூலில் கட்டிய பறவை, கடலில் சேரும் ஆறு, எல்லாம் வேற்றுமையைத்தான் காட்டுகின்றன என்பது அவர் வாதம்.

நம் பக்கம் திருமந்திரத்தில் தொம்பதம் (நீ), தற்பதம் (அது), அசிபதம் (ஆகிறாய்) என்று இதே மூன்று சொல்லைத் தமிழ்ப்படுத்தி வைத்திருக்கிறார்கள். சைவ சித்தாந்திகள் அத்துவிதம் என்ற சொல்லை விடாமல், அதற்குத் தங்கள் பொருளைத் தருவார்கள்.

சிவப்புத்துண்டு
இலக்கணக்காரர்கள் வேறு ஒன்று சொல்கிறார்கள். 'தத்' அஃறிணை மாதிரியான நபும்சகப் பால், 'த்வம்' இங்கே மகனைக் குறிக்கும் ஆண்பால். 'நீ அது' என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் கால நடையில் 'ஸ த்வம் அஸி' என்று வந்திருக்க வேண்டும் என்று ஜோயல் பிரெரட்டன் 1986இல் எழுதினார். அவர் கணக்கில் பொருள் 'நீயும் அப்படித்தான் இருக்கிறாய்'. பேட்ரிக் ஒலிவெல் 1996 மொழிபெயர்ப்பில் அதையே எடுத்துக்கொண்டார். உப்புத் தண்ணீரில் எப்படியோ, ஆலமரத்தில் எப்படியோ, நீயும் அப்படியே.

அரங்கன்_அடிப்பொடி
2000 வருடமாக வடமொழியில் புரண்ட ஆச்சாரியர்கள் யாருக்கும் தெரியாத இலக்கணம் 1986இல் தெரிந்துவிட்டதாக்கும்.

சிவப்புத்துண்டு
நீங்கள் சொல்கிற ஆச்சாரியர்களே, சங்கரர், ராமானுஜர், மத்வர், மூன்று பேர் மூன்று விதமாகப் பொருள் சொன்னார்களே ஐயா.

மட்டுறுத்துநர்
சம்பிரதாயச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே உத்தாலகர்.

கயல்_வாசகி
நன்றி மட்டுறுத்துநரே. நான் ஒரு மாதமாக இந்த மனிதர் வரும் இடங்களையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தத்துவமசியை விட என்னை இழுத்தது இவர் தோற்கும் இடங்கள்.

வேதச் சடங்குகளை விளக்கும் சதபத பிராமணத்தில் ஒரு காட்சி. வடதேசத்துக்குப் போகிறார், வாதத்துக்கு வருகிறவருக்கு என்று ஒரு பொற்காசைப் பந்தயமாக வைக்கிறார். ஸ்வைதாயனர் வந்து கேள்வி கேட்கிறார். இவருக்குப் பதில் தெரியவில்லை. காசை அவர் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் மாணவனாகப் போய் நிற்கிறார்.

பிருகதாரண்யக உபநிடதத்தில், ஜனகர் சபையில் யாக்ஞவல்கியரிடம், எல்லாவற்றையும் கோத்திருக்கும் நூல் எது, உள்ளிருந்து இயக்குபவன் யார், தெரியாமல் பேசினால் தலை விழும் என்று மிரட்டிக் கேட்கிறார். அவர் சொல்லி முடித்ததும் இவர் அடங்கிப் போகிறார். அதே பிருகதாரண்யகத்தின் கடைசியில் பார்த்தால் யாக்ஞவல்கியர் இவருடைய மாணவர் என்று இருக்கிறது!

ஆனால் உச்சம் பாஞ்சால அரசன் பிரவாகண ஜைவலி கதைதான். சுவேதகேது சபைக்குப் போகிறான். அரசன் ஐந்து கேள்வி கேட்கிறான்: இறந்தவர்கள் எங்கே போகிறார்கள், மேலே அந்த உலகம் ஏன் நிரம்பி வழியவில்லை என்கிற மாதிரி. ஒன்றுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் கத்துகிறான், எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்களே என்று. அப்பா சொல்கிறார்: எனக்கே தெரியாது, தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? வா, இரண்டு பேரும் அங்கே போய் மாணவர்களாக இருப்போம். பிருகதாரண்யகத்தில் பையனின் பதில்: "நீங்களே போங்கள்."

போகிறார். வயதான மனிதர், ஊருக்கே வாத்தியார். அரசன் பொருள் தருகிறேன் என்கிறான். அது உன்னிடமே இருக்கட்டும், என் பையனிடம் கேட்டாயே, அதைச் சொல் என்கிறார். கௌஷீதகி உபநிடதத்தில் சித்திரன் என்பவரிடம் இதேபோல, மாணவன் கொண்டுபோகும் வேள்விக் குச்சியான சமித்தோடு போய் நிற்கிறார். அவர் சொல்வது: "கௌதமரே, நீங்கள் கர்வப்படவில்லை, அதனால் தகுதியானவர்." 24 வயதில் விறைத்து நின்ற மகனையும் இந்த அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விறகடுப்பு
நீங்களே போங்கள் என்றானா! என் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான்.

கயல்_வாசகி
அக்கா, மகாபாரதத்தில் இன்னும் மோசம். உத்தாலகரின் மகள் சுஜாதாவின் பையன் அஷ்டாவக்ரன். அப்பா ஜனகர் சபையில் தோற்று நீரில் மூழ்கடிக்கப்பட்டவர், அது பையனுக்குத் தெரியாது. தாத்தாவையே அப்பா என்று நினைத்து மடியில் உட்கார்ந்திருக்கிறான். சுவேதகேது வந்து கையைப் பிடித்து இழுத்து, இது உன் அப்பா மடி இல்லை என்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான். குழந்தை அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுகிறது. ஏட்டுப்பூச்சி சொன்னபடி இதுவும் தனி அலமாரிதான், ஆனால் கதை சொன்னவர்களுக்கு அந்தப் பையனின் குணம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கன்னிச்சாமி_அப்பா
நான் கேட்டது ஒரு பெயர், நீங்கள் கொடுத்தது ஒரு குடும்பம். ஆலம்பழக் கதையை மட்டும் யாரும் சொல்லவில்லையே?

ஏட்டுப்பூச்சி
அது சின்னது. ஆலம்பழம் கொண்டுவா. கொண்டுவந்தேன். பிள. பிளந்தேன். என்ன தெரிகிறது? பொடிப்பொடியாக விதைகள். அதில் ஒன்றைப் பிள. பிளந்தேன். என்ன தெரிகிறது? ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் தெரியாததிலிருந்துதான் இவ்வளவு பெரிய ஆலமரம் நிற்கிறது, நம்பு என்கிறார். நமக்கு வெற்றிவேற்கை ஆலம்விதை பழக்கம். அங்கே விதையிலிருந்து நேராக மன்னரின் படைக்கு நிழல் வந்துவிடும். இவர் விதையையும் உடைத்து, உள்ளே பார்க்க வைக்கிறார்.

வேதியியல்_வாத்தியார்
ஆலம்பழத்தைப் பிட்டால் முதலில் தெரிவது பூச்சிதான். குட்டிக் குளவி. அது இல்லாவிட்டால் ஆலுக்கு மகரந்தம் சேராது. சுவேதகேது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாசூக்கான பையன்.

சொல்ல வந்தது வேறு. இன்று வகுப்பில் உப்பை மறுபடி செய்தோம். அதே சொம்பு, அதே கல் உப்பு, இரவு முழுக்க அசைக்கவில்லை. காலையில் அந்தப் பிடிவாதக்காரப் பெண்ணையே கூப்பிட்டு, உப்பை எடுத்துக் கொடு என்றேன். கையை விட்டுத் துழாவினாள், சுற்றிச் சுற்றித் தேடினாள். இல்லை சார் என்றாள். மேல், நடு, அடி மூன்றும் ஒரே கரிப்பு. தீர்ப்பு வாபஸ்.

கன்னிச்சாமி_அப்பா
நேற்று ராத்திரி நாங்களும் செய்தோம். பையன் சமையலறையில் இருந்த பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து உப்பைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். காலையில் நான் எழுவதற்குள் என் மனைவி அந்தத் தண்ணீரில் அரிசியைப் போட்டு உலை வைத்துவிட்டாள். சோறு வாயில் வைக்க முடியவில்லை. பையன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தட்டின் இந்த ஓரத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அந்த ஓரத்தில் கொஞ்சம் எடுத்து ருசி பார்த்தான். "எல்லா இடத்துலயும் இருக்கு" என்றான்.

ஆலம்பழம் எங்கேயாவது பழுத்திருந்தால் சொல்லுங்கள், இந்த ஞாயிறு கூட்டிப் போக வேண்டும்.

விறகடுப்பு
எங்கள் ஊர்ச் சாவடி மரத்தில் கிளிகள் வந்து இறங்கிவிட்டன. சீக்கிரம் வாருங்கள். பையனைச் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள்.